மாடு, குதிரை, மொபெட்: ஓசூர் வழியாகப் போன சரித்திரம்

படித்தவர்கள் நடமாடும் ஊர் என்றால் அங்கே ஒரு மியூசியம் இருந்தாக வேண்டும் என்பது உலக வழக்கம். ஆக்ஸ்போர்டில் 1683லேயே ஆஷ்மோலியன் மியூசியத்தைத் திறந்துவிட்டார்கள். உள்ளே போனால் பாடம் பண்ணிவைத்த டோடோ பறவை. உயிரோடு இருந்தவரை அடித்தும் தின்றும் அந்த இனத்தையே தீர்த்துக் கட்டிய மனிதர்கள், செத்த பிறகு அதற்கு ஓர் இடம் ஒதுக்கி மரியாதை செய்தார்கள்.

ஓசூருக்கும் பல்கலைக்கழகத் தொடர்பு இல்லாமல் இல்லை. மத்திகிரியில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கோழியின உற்பத்தி மற்றும் மேலாண்மைக் கல்லூரி இருக்கிறது. அங்கே பறவைகள் உயிரோடு இருக்கின்றன, முட்டையும் இடுகின்றன. பறவை விஷயத்தில் ஆக்ஸ்போர்டை நாங்கள் ஜெயித்து வெகு நாளாகிறது.

ஆனாலும் லீவுக்கு வரும் சொந்தக்காரர்களுக்கு இதெல்லாம் எடுபடாது. வந்து பையை இறக்கி வைத்த உடனே கேட்பார்கள்:

"ஏம்ப்பா, உங்க ஊர்ல பாக்க என்ன இருக்கு?"

"பெங்களூர் இருக்கு மாமா. பஸ் ஏறுனா போயிடலாம்."

இப்படிப் பதில் சொல்லியே வளர்ந்த ஊர் இது. பள்ளிக்கூடச் சுற்றுலா என்றாலும் பஸ் நேராக அத்திப்பள்ளியைத் தாண்டி, கஸ்தூர்பா சாலையில் இருக்கும் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்ப அருங்காட்சியகத்தில் போய்த்தான் நிற்கும். அப்பா காலை ஷிப்டில் கடைந்து தள்ளுகிற என்ஜின் சாமானை, மகள் டிக்கெட் எடுத்துப் பெங்களூரில் வேடிக்கை பார்த்துவிட்டுத் திரும்புவாள்.

ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்துக்குச் சரித்திரம் இல்லை என்று சொல்பவர்கள் யாரென்று விசாரித்தால், பஸ்ஸைவிட்டு இறங்காதவர்களாக இருப்பார்கள். இறங்கிப் பார்த்தால் இங்கே நாலாயிரம் வருஷத்துக் கதை கிடக்கிறது. அந்தக் கதை முழுக்க ஒரே சமாசாரம்தான்: வண்டி. நாலு காலோ, இரண்டு சக்கரமோ, யாருடைய வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போனார்கள், யார் துரத்திக்கொண்டு ஓடினார்கள் என்பதுதான் இந்த மண்ணின் வரலாறு. மற்றதெல்லாம் இடைச்செருகல்.

மூன்று வருஷச் சாம்பியன்

முதலில் இரும்பு. அது இல்லாமல் வண்டி ஏது?

பர்கூர் பக்கம் தொகரப்பள்ளியை ஒட்டி மயிலாடும்பாறை என்றொரு இடம். அங்கே தோண்டியதில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022 மே மாதம் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அறிவித்தார். நாலாயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால் எங்கள் ஆட்கள் இரும்பு அடித்துக்கொண்டிருந்தார்கள்! சிப்காட் தொழிற்பேட்டையில் இடம் வாங்குவதற்கு முன்னாலேயே உற்பத்தி தொடங்கிய முதல் யூனிட் இதுதான். மாவட்டமே காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டது.

காலரை இறக்குவதற்கு மூன்று வருஷம்கூட ஆகவில்லை. 2025 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் சிவகளைக்காரர்கள் கி.மு. 3345 என்று கொண்டுவந்து வைத்தார்கள். ஆயிரத்துச் சொச்சம் வருஷ வித்தியாசத்தில் எங்கள் பட்டம் போய்விட்டது. பரவாயில்லை, அண்ணன் தம்பிக்குள் போனதுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

பர்கூர் பக்கமே மல்லப்பாடி என்றொரு குன்று உண்டு. 1970களின் கடைசியில் சென்னைப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கே.வி. ராமன் குழுவினர் அங்கே பாறை ஓவியங்களைக் கண்டுபிடித்தார்கள். தமிழ்நாட்டில் பாறை ஓவிய ஆராய்ச்சிக்குப் பிள்ளையார் சுழி போட்ட இடங்களில் அது ஒன்று. வெள்ளை நிறத்தில் குதிரை மேல் ஆட்கள், கையில் ஆயுதம், எதிரெதிரே மோதல். ஆய்வாளர்கள் அதைப் போர்க் காட்சி என்கிறார்கள். கிருஷ்ணகிரி மேம்பாலத்தடியில் மாலை 6 மணிக்கு நின்று பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தோன்றும். இரண்டு பேர், இரண்டு வண்டி, யாரும் வழிவிடவில்லை. ஓவியர் கண்ணால் கண்டதை வரைந்திருக்கிறார், அவ்வளவுதான்.

சூளகிரி அருகே மல்லசந்திரத்துக் குன்றில் கல்திட்டைகள் கூட்டம் கூட்டமாக நிற்கின்றன. பலகைக் கற்களைச் சுவராக நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி, இறந்தவர்களுக்கு எழுப்பிய பெருங்கற்கால நினைவுச் சின்னங்கள் அவை. ஊர்க்காரர்கள் அவற்றைப் பாண்டவர் வீடு என்பார்கள். ஐந்து பேருக்கு இத்தனை வீடு எதற்கு என்று கேட்கக் கூடாது. பெங்களூருக்குப் பக்கத்தில் என்றால் அந்தக் காலத்திலேயே பிளாட் பிளாட்டாக வாங்கிப் போட்டிருப்பார்கள்.

கல்லில் வெட்டிய எஃப்.ஐ.ஆர்.

இனி கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்துக்கு வருவோம். 1993இல் தொடங்கியது. அப்போது கிருஷ்ணகிரி தனி மாவட்டமே இல்லை. தருமபுரி மாவட்டத்தில் ஓர் ஊர். 2004 பிப்ரவரியில்தான் தனி மாவட்டம் ஆயிற்று. அதாவது மாவட்டத்துக்கு முன்னால் மியூசியம் வந்துவிட்டது. கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆல்பம் போட்ட ஊர்.

இங்கே பார்க்க வேண்டியது நடுகற்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி, செங்கம் வட்டாரம் தமிழ்நாட்டின் நடுகல் களஞ்சியம். பல்லவன் சிம்மவிஷ்ணு, மகேந்திரவர்மன் காலத்திலிருந்து வட்டெழுத்தில் வெட்டிவைத்த கற்கள் இந்தப் பக்கமெல்லாம் ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் கிடந்தன. துணி துவைக்கவும் கத்தி தீட்டவும் போனதுபோக மிச்சம் இருப்பவைதான் நமக்கு.

ஒரு கல்லின் முன்னால் நிதானமாக நின்று பாருங்கள். ஆள் முழங்காலை மடக்கிப் பாயத் தயாராக நிற்பான். ஒரு கையில் வில் அல்லது கேடயம். இன்னொரு கையில் குறுவாள். தலைமுடி பக்கவாட்டில் கொண்டை. சில கற்களில் அம்பு மார்பில் தைத்திருக்கும். முகத்தில் வலி தெரியாது. மேலே எழுத்து. என்ன எழுத்து? இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆட்சியாண்டு, இன்னாருடைய ஆளுகை, இந்த ஊர் மாட்டு மந்தையை இன்னார் ஓட்டிக்கொண்டு போனார்கள், இன்னாருடைய சேவகன் இன்னான் மீட்டுச் செத்தான். தேதி, இடம், காணாமல்போன பொருள், எதிரி, பாதிக்கப்பட்டவர் என்று ஒன்றும் விட்டுப்போகாது. இதைவிடச் சுத்தமான எஃப்.ஐ.ஆர். இன்றைக்கும் எந்த ஸ்டேஷனிலும் எழுதப்படுவதில்லை. அதிலும் முக்கியம், புகாரை வாங்க மறுத்ததாக ஒரு கல்லிலும் இல்லை.

வேடிக்கை இனிமேல்தான். மாட்டை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. மாட்டைக் கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. களவாண்ட கட்சி, பறிகொடுத்த கட்சி இரண்டுக்கும் அரசாங்க ஆண்டு போட்டு ஒரே மாதிரி மரியாதை. நம் இலக்கணக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே போனவர்கள். கவர்வதற்கு வெட்சி, மீட்பதற்குக் கரந்தை என்று ஆளுக்கொரு பூவைக் கையில் கொடுத்துவிட்டார்கள். உலகத்தில் வண்டித் திருட்டுக்குத் தனியாகப் பூ ஒதுக்கிய ஒரே இனம் நாம்தான்.

பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர்க் கல்லில் ஒரு நாயும் இருக்கிறது. மகேந்திரவர்மன் காலம். கருந்தேவக்கத்தி என்பவன் எருமை மீட்கப் போய் இறந்துபோகிறான். அவனுடைய நாய் இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன் என்று கல்லிலேயே இருக்கிறது. கள்ளர்களின் பெயர் இல்லை. ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன்னாலேயே யார் பெயரைப் போட வேண்டும், யார் பெயரை விட வேண்டும் என்பதில் நம் ஆட்கள் தெளிவாக இருந்திருக்கிறார்கள்.

கல்லில் வீரனின் கால் பக்கம் இன்னொன்றையும் கவனியுங்கள். மூக்கு வைத்த சின்னச் செம்பு, அதுதான் கிண்டி. அதன் பக்கத்தில் ஒரு சிமிழ். செத்த வீரனுக்குத் தாகம் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு. கிண்டியில் இருந்தது மோர் என்று வாதாட ஆள் கிடைப்பது கஷ்டம். நடுகல்லுக்குக் கள் படைத்துக் கும்பிட்டதைச் சங்கப் பாட்டுகளே சொல்கின்றன. இந்தக் கிண்டியை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதே மண்ணில் பிற்காலத்தில் ஒருவர் பிறந்து இந்தக் கிண்டியைக் கவிழ்க்கப் போகிறார்.

மாட்டுச் சண்டை பழங்கதை என்று நினைக்காதீர்கள். 2023 பிப்ரவரியில் ஓசூர் பக்கம் கோபசந்திரத்தில் எருது விடும் விழாவுக்கு அனுமதி கிடைக்கத் தாமதமானதும் கூட்டம் தேசிய நெடுஞ்சாலையில் இறங்கிவிட்டது. சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவே போக்குவரத்து மணிக்கணக்கில் நின்றது. கல் வீச்சு, தடியடி எல்லாம் உண்டு. கல் நடுவதற்குப் பதில் கல்லை வீசியதுதான் வித்தியாசம்.

பாகப் பிரிவினை

13ஆம் நூற்றாண்டில் ஹொய்சள அரசன் சோமேசுவரன் தன் ராஜ்யத்தைப் பிள்ளைகள் இருவருக்கும் பிரித்துக் கொடுத்தான். கன்னடப் பகுதி மூன்றாம் நரசிம்மனுக்கு. தமிழ்ப் பகுதி வீர ராமநாதனுக்கு. நல்ல எண்ணத்தில் செய்த பாகப் பிரிவினை எது நன்றாக முடிந்திருக்கிறது? ராமநாதன் சமயபுரம் பக்கம் கண்ணனூரில் உட்கார்ந்து ஆண்டான். பாண்டியர்கள் வந்து நெட்டித் தள்ளினார்கள். மூட்டை முடிச்சோடு வடக்கே நகர்ந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளி பக்கம் இருக்கும் குந்தாணியைத் தலைநகராக்கிக்கொண்டான். அங்கிருந்து அண்ணன் தம்பி சண்டை தொடர்ந்தது. தமிழ்நாடு கர்நாடக எல்லைத் தகராறில் முதல் கேஸ் அநேகமாக இதுதான். அப்போது சுப்ரீம் கோர்ட் கிடையாது என்பதால் சீக்கிரம் முடிந்தது.

இன்றைக்குக் குந்தாணி, சின்னகொத்தூரை ஒட்டிய கிராமம். ஒரு காலத்தில் ராஜா இருந்த ஊர் என்பதற்குக் கல்வெட்டும் கோயிலும் சாட்சி. அந்தப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸுக்கு இந்த விஷயம் தெரியாது.

பீரங்கியைக் காணோம்

அடுத்து வந்தவர் ஹைதர் அலி. எல்லைக்கு அந்தப் பக்கம் புதிக்கோட்டையில் பிறந்தவர், எங்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. இந்தப் பிரதேசத்துக்குப் பாராமகால் என்று பெயர். பன்னிரண்டு கோட்டைகள் என்று கணக்கு. கீழே ஆற்காட்டு, சென்னைப் பக்கத்திலிருந்து மைசூருக்கு ஏற வேண்டும் என்றாலும், மைசூரிலிருந்து கீழே இறங்கிக் கொள்ளையடிக்க வேண்டும் என்றாலும் பாதை இது. அதனால் எல்லாப் படையும் இந்த வழியாகத்தான் போயாக வேண்டும். போன எவனும் தங்கவில்லை. போகிற போக்கில் ஊரைக் கொளுத்திவிட்டுப் போனான்.

1768 நவம்பரில் நடந்தது ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஹைதர் ஓசூரை முற்றுகையிட்டிருக்கிறார். காப்பாற்றக் கும்பெனிப் படையோடு கர்னல் வுட் வருகிறார். பெரிய பீரங்கிகளையும் மூட்டை முடிச்சுகளையும் இழுத்துக்கொண்டு ராத்திரியில் போக முடியாது என்று பக்கத்துப் பாகலூரில் மண் கோட்டைக்குள் விட்டுவிட்டு, கையை வீசிக்கொண்டு ஓசூருக்கு விரைகிறார். விடிந்து ஓசூரில் போய் நின்றால் ஹைதரைக் காணோம். ஹைதர் எங்கே? அவர் நேரே பாகலூருக்குப் போய், வுட் பத்திரமாக வைத்துவிட்டு வந்த பீரங்கிகளை எடுத்துக்கொண்டிருந்தார்.

வண்டியை நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போய்த் திரும்பினால் வண்டி இல்லை என்பது இந்த வட்டாரத்தில் நடக்காத விஷயம் அல்ல. ஆனால் பீரங்கியைத் தொலைத்தவர் வுட் ஒருவர்தான். சென்னையில் இருந்த மேலிடம் சும்மா இருக்குமா? படைத் தலைமையிலிருந்து அவரை இறக்கிவிட்டார்கள். அவருக்கு யாரும் நடுகல் வைக்கவில்லை.

அடுத்த கூத்து கிருஷ்ணகிரி மலையில். ஊருக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் அந்தப் பாறையை இன்றைக்குச் சையத் பாஷா மலை என்கிறோம். மேலே தர்கா இருக்கிறது, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் கோட்டையும் இருக்கிறது. விஜயநகரத்து ஜகதேவராயர் காலத்துக் கோட்டை. 1791 நவம்பரில் கர்னல் மாக்ஸ்வெல் ஆட்கள் கீழே பேட்டைக்குள் புகுந்தார்கள். ஓடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னாலேயே ஓடி மேல்கோட்டைக்குள்ளும் நுழைந்துவிடலாம் என்று திட்டம். மேலே இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள். ஏணி வைத்தார்கள்; மேலேயிருந்து பாறாங்கல்லை உருட்டிவிட்டார்கள். இன்னொரு ஏணி, இன்னொரு பாறை. இரண்டு மணி நேரம் இதே வேலை. கடைசியில் மாக்ஸ்வெல் பேட்டைக்குத் தீ வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். அன்றைக்கு ஆங்கிலேயன் தலையில் நாங்கள் இலவசமாக உருட்டிவிட்ட அதே கருங்கல்லைத்தான் இப்போது அறுத்து, மெருகேற்றி, கன்டெய்னரில் ஏற்றி வெளிநாட்டுக்கு விற்கிறோம். டெலிவரி முறை மட்டும் மாறியிருக்கிறது.

ஏணி வைத்துப் பிடிக்க முடியாத மலையை அடுத்த வருஷம் பேனாவால் பிடித்தார்கள். 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு பாராமகாலைக் கும்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். மேட்டு நிலத்து ஓசூர் மட்டும் 1799 வரை தப்பியது. அந்த வருஷம் ஜெனரல் ஹாரிஸ் படை ராயக்கோட்டை வழியாக ஏறிப் போய் ஸ்ரீரங்கப்பட்டணத்தையே முடித்தது. ராயக்கோட்டைக்கு அதில் என்ன பங்கு? எப்போதும் போல, வழிவிட்டது.

கட்டச் சொன்னது யார்?

ஓசூரில் இரண்டு கோட்டைக் கதைகள் உண்டு. முதல் கதையில் கட்டியவர் ஹாமில்டன் என்ற ஆங்கிலேயக் கைதி. திப்புவிடம் மாட்டிக்கொண்டவருக்குக் கட்டடக் கலை தெரியும் என்று தெரிந்ததும் ஓசூர்க் கோட்டை வேலையை ஒப்படைத்தார்களாம். 1791இல் கும்பெனிப் படை நெருங்கியபோது, கட்டியவன் கையால் கோட்டையின் ரகசியம் போய்விடக் கூடாது என்று அவர் தலையை எடுத்துவிட்டார்கள் என்று முடிகிறது கதை. காண்டிராக்டருக்குப் பில் செட்டில் பண்ணாமல் இழுத்தடிக்கும் கலை அன்றைக்கே உச்சத்தைத் தொட்டுவிட்டது.

இரண்டாவது கதையில் கட்டியவர் சேலம் கலெக்டர் பிரெட். 1860கள். சப்-கலெக்டர் அலுவலகம், குதிரைப் பண்ணை, பெங்களூர்க் குளிர் என்று ஓசூர் வெள்ளைக்காரர்களுக்குப் பிடித்த ஊராக இருந்த காலம். இங்கிலாந்தில் இருந்த பெண், கோட்டையில் குடியிருக்க வைத்தால்தான் வருவேன் என்றாளாம். மனுஷன் ராமநாயக்கன் ஏரிக்கரையில் இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரியே ஒன்றைக் கட்டினார். ஹாமில்டனைக் கட்டச் சொன்னது திப்பு. பிரெட்டைக் கட்டச் சொன்னது காதல். தலை இருவருக்குமே மிஞ்சவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். சொல்வதோடு சரி, கோட்டையைக் காப்பாற்ற யாரும் மெனக்கெடவில்லை. எஞ்சியது இடிபாடுதான். ஏரிக்கரையில் இப்படி ஒன்று இருந்ததா என்று பக்கத்துத் தெரு ஆட்களே கேட்பார்கள்.

அந்தக் குதிரைப் பண்ணை 1824இல் மத்திகிரியில் தொடங்கியது. படைக்குக் குதிரை வளர்த்துக் கொடுப்பதுதான் வேலை. ஹைதரின் குதிரைகள் ஓடித் திரிந்த பூமியில் கும்பெனி தன் குதிரைக்குப் புல் போட்டது. குதிரைக்கு மவுசு போன பிறகு மாடு வந்தது, கோழி வந்தது, கடைசியில் கல்லூரி வந்தது. 200 வருஷம் தாண்டி இன்றைக்கும் அரசாங்கக் கால்நடைப் பண்ணையாக நடக்கிறது. லண்டனில் 200 வருஷக் குதிரைக் கொட்டில் இருந்தால் உள்ளே நுழைய டிக்கெட், வெளியே வரும்போது குதிரை படம் போட்ட டீ கப். இங்கே சாணம் மட்டும் இலவசம்.

பெங்களூருக்குப் படிக்கப் போன பையன்

ஓசூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், தென்பெண்ணைக் கரையோரம் தொரப்பள்ளி. 1878 டிசம்பர் 10 அன்று அங்கே ஊர் முன்சீப் வீட்டில் ஒரு பையன் பிறந்தான். பெயர் ராஜகோபாலாச்சாரி. ஓசூரில் பள்ளிக்கூடம், பிறகு பெங்களூர் சென்ட்ரல் கல்லூரி. இன்றைக்கு ஓசூரிலிருந்து விடியற்காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பெங்களூருக்கு பஸ் ஏறுகிற ஆயிரக்கணக்கான பையன்களுக்கும் பெண்களுக்கும் ஆதி முன்னோடி அவர்தான். சில்க் போர்டு சிக்னலில் நிற்கிற யோகம் மட்டும் அவருக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருந்தால் கவர்னர் ஜெனரல் ஆவதற்குள் சுதந்திர இந்தியாவுக்கு வயதாகியிருக்கும்.

கிண்டியை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? சென்னை மாகாணத்தின் பிரதமரானதும் ராஜாஜி 1937 அக்டோபர் 1 முதல் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். முதலில் எங்கே? தன் சொந்த மாவட்டமான சேலத்தில். அப்போது ஓசூரும் கிருஷ்ணகிரியும் சேலம் மாவட்டம்தான். முன்னோர்கள் செத்த பிறகும் கையெட்டும் தூரத்தில் கிண்டியோடு நிற்கிற மாவட்டத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்! ஆனால் ஜூஜூவாடியைத் தாண்டினால் மைசூர் சமஸ்தானம். அங்கே ராஜாஜி சட்டம் செல்லாது. மிச்சத்தை நான் சொல்ல வேண்டியதில்லை. கால் இருக்கிறவன் நடந்தான். 1971இல் மதுவிலக்கைத் தளர்த்தப் போனபோது தொண்ணூறு தாண்டிய ராஜாஜி முதல்வர் கருணாநிதியைத் தேடிப் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கேட்டது நடக்கவில்லை. இப்போது எல்லைக்கு இரண்டு பக்கமும் கடை. விலை வித்தியாசம் பார்த்து வண்டி கிளம்புகிறது.

தொரப்பள்ளியில் அவர் பிறந்த வீட்டை அரசு நினைவு இல்லமாக வைத்திருக்கிறது. எளிய ஓட்டு வீடு. இந்த வீட்டில் தவழ்ந்தவர் 1948இல் டெல்லியில் 340 அறை கொண்ட மாளிகைக்குக் குடி போனார். இரண்டையும் பார்த்தவர்கள் இங்கேதான் காற்று நன்றாக வருகிறது என்பார்கள்.

தோற்றவனுக்குத்தான் மியூசியம்

1956இல் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிற ஓசூர் சென்னை மாநிலத்திலேயே தங்கியது. 1970களில் சிப்காட் வந்தது. வயல்வெளியில் சங்கு ஊத ஆரம்பித்தது.

1980 நல்ல வருஷம். ஓசூரிலிருந்து அந்த வருஷம்தான் டிவிஎஸ் 50 வெளியே உருண்டது. அசோக் லேலண்டும் அதே வருஷம் இங்கே தொழிற்சாலை போட்டது. ஒன்று, உலகத்திலேயே சின்னதாக எத்தனை சுமக்க முடியும் என்று பார்த்தது. மற்றொன்று, பெரிதாக எத்தனை சுமக்க முடியும் என்று பார்த்தது. டிவிஎஸ் 50 இரண்டு பேர் போகச் செய்த வண்டி. கம்பெனி அப்படித்தான் சொன்னது. தமிழர்கள் அதை ஓர் ஆலோசனையாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் பால் கேன், நடுவில் பையன், பின்னால் மனைவி, மனைவி மடியில் குழந்தை, ஹேண்டில்பாரில் தூக்குச் சட்டி. சந்தை நாளில் கால் வைக்கிற இடத்தில் ஆட்டுக்குட்டி. சாயங்காலம் மாட்டுக்குப் புல்லுக்கட்டு. மாட்டுக்காக உயிரைவிட்ட வீரன் இன்று பார்த்தால் தலை சுற்றிப்போவான்: மாடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது, அதற்குச் சாப்பாடு வண்டியில் வருகிறது.

டைட்டன் கதை இன்னும் ருசி. 1961 முதல் பெங்களூரில் எச்எம்டி வாட்ச் ராஜாங்கம் நடத்தியது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்எம்டி கட்டாவிட்டால் சம்பந்தி முகம் கொடுக்க மாட்டார். 1984இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து டைட்டனை ஆரம்பித்து, எல்லைக்கு இந்தப் பக்கம் ஓசூரில் தொழிற்சாலையை வைத்தார்கள். தொழிலாளர்களுக்கான குடியிருப்பைத் திட்டமிட்டது சார்லஸ் கொரியா. உலகம் கொண்டாடும் கட்டடக் கலைஞர் கைவைத்த குடியிருப்பு ஓசூரில் இருப்பது ஓசூரில் பாதிப் பேருக்குத் தெரியாது. 2016இல் எச்எம்டி வாட்ச் கதை முடிந்தது. 2019இல் பெங்களூர் ஜாலஹள்ளியில் எச்எம்டிக்கு அருமையான பாரம்பரிய மியூசியம் திறந்தார்கள். தோற்றவருக்கு மியூசியம், ஜெயித்தவருக்கு நைட் ஷிப்ட். ஓசூரில் மியூசியம் குறைவாக இருப்பதன் ரகசியம் இதுதான். எதையாவது நிறுத்தினால்தானே கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்கு!

2021இல் போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்சார ஸ்கூட்டர் தொழிற்சாலை வந்தது. மாடு, குதிரை, மொபெட், லாரி, பேட்டரி வண்டி என்று வரிசை தடையில்லாமல் நீள்கிறது. போதாக்குறைக்கு 2024 ஜூனில் ஓசூருக்கு 2,000 ஏக்கரில் விமான நிலையம், ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகள் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார்கள். இதுவரை எங்களைத் தரையில் தாண்டிப் போனவர்கள், இனி ஆகாயத்திலும் தாண்டிப் போகலாம்.  எங்களுக்கு அந்த விமான நிலையத்தின் மேல்தான் கண்.

அரசாங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். அதைக் கட்டும்போது கீழே ஒரு பெரிய கூடம் விடுங்கள். மல்லப்பாடிக் குதிரைக்காரர்களின் படம், ஒரு நடுகல், கும்பெனிக் காலத்து லாடம், முதல் தலைமுறை டிவிஎஸ் 50 ஒன்று, லேலண்ட் சேஸிஸ் ஒன்று என வரிசையாக நிறுத்தினால் போதும். பொருள் தேடி அலைய வேண்டாம். பாதி இங்கேயே தயாராகிறது, மீதி ஏரிக்கரையில் கிடக்கிறது. பெங்களூர்ப் பள்ளிக்கூட பஸ்கள் ஒரு நாளாவது எதிர்த் திசையில் வரட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த முறை பெங்களூருக்குப் போகும்போது கிருஷ்ணகிரியில் ஒரு மணி நேரம் இறங்குங்கள். மியூசியத்துக்குள் போய் ஒரு நடுகல்லின் முன்னால் நின்று, கிண்டி எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள். வெள்ளிக்கிழமையும் இரண்டாம் சனிக்கிழமையும் மட்டும் வராதீர்கள். அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை.